கையில் பன்னிரண்டு பிளைண்ட்

போனில் ஆடுகிற போக்கர் டோர்னமென்ட் ஒன்று 5,000 சிப்போடு தொடங்குகிறது. முதல் லெவல் 25–50: சீட்டுப் போடும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைக்க வேண்டிய ஸ்மால் பிளைண்ட் 25, பிக் பிளைண்ட் 50. அதாவது கையில் 100 பிக் பிளைண்ட். இனி பிளைண்ட் என்று எண்ணுவதெல்லாம் இந்தப் பிக் பிளைண்டைத்தான். பார்க்கிறதுக்கு நிறைய இருக்கிற மாதிரிதான் தெரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு லெவல் ஏறுகிற டர்போ என்றால் அந்தத் தெம்பு அரை மணி நேரம்கூடத் தாங்காது. 50–100, 75–150, 100–200, 150–300 என்று ஏறி, இருபத்தைந்தாவது நிமிடத்தில் 200–400 வந்து நிற்கும். ஒரு சிப்பைக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தாலும் அப்போது மிச்சம் பன்னிரண்டரை பிளைண்ட்.

அந்த இருபத்தைந்து நிமிடத்தில் எத்தனை கை (ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) ஓடியிருக்கும்? ஒன்பது பேர் உட்கார்ந்த மேசையில் ஐந்து நிமிடத்துக்கு ஐந்தாறு கை. மொத்தம் முப்பதுக்குள். ஒருவருக்குப் போடுகிற இரண்டு சீட்டு வரக்கூடிய விதம் 1,326. அதில் பத்து ஜோடியும் (இரண்டு பத்து) அதற்கு மேற்பட்ட ஜோடிகளும் 30 விதம், ஏஸ்-ராஜா 16 விதம், ஆக 46. சராசரியாக 29 கைக்கு ஒரு தடவை. நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருந்தால் இந்த நேரத்துக்குள் உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு, அதையும் எல்லோரும் ஃபோல்டு பண்ணி, அதாவது சீட்டை வைத்து விலகி, ஒன்றரை பிளைண்டோடு முடித்து வைக்கலாம்.

சின்ன டோர்னமென்ட்டில் மேலே வருகிறவரையும் நடுவிலேயே எழுந்து போகிறவரையும் பிரிக்கிற இடம் ஒன்றுதான்: கையில் இருபது பிளைண்டிலிருந்து எட்டு பிளைண்ட் வரை இருக்கும் அந்த நேரம். பெரிய பிளஃப் (மோசமான சீட்டோடு பந்தயம் வைத்து மிரட்டுவது), முகத்தைப் படிப்பது என்று வீடியோக்களில் காட்டுவதெல்லாம் நூறு பிளைண்ட் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஆடுகிறவர்களின் ஆட்டம். போனில் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டுக்குள் முடிகிற ஆட்டத்தில் அதற்கு நேரமே கிடையாது.

மேலே போவதற்கு முன் பணத்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும். இந்த விவகாரத்துக்கு மதுரையோடு நேரடித் தொடர்பு உண்டு. ஆன்லைன் சீட்டாட்டத்தை ஒழுங்குபடுத்தச் சட்டம் வேண்டும் என்று 2020 ஜூலையில் அழுத்திச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அதே ஆண்டு நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக வந்த 2021 சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்தது. 2022இல் மறுபடி ஒரு சட்டம். 2023 நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சொல்லி அந்தச் சட்டத்தின் தடைப் பட்டியலிலிருந்து அவற்றை உயர் நீதிமன்றம் எடுத்துவிட்டது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமே பார்க்காமல், பணம் கட்டிப் பணத்தை எதிர்பார்த்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் அத்தனைக்கும் நாடு முழுக்கத் தடை போட்டது.

ஆகவே இங்கே எழுதுவது எல்லாமே காசில்லாத, வெறும் சிப் டோர்னமென்ட்டுக்கு. நண்பர்கள் கூட்டமாகச் சேர்ந்து தனி மேசை போட்டு, வாரா வாரம் ஆடி, முதல் மூன்று இடத்துக்குப் புள்ளி போட்டு நோட்டில் எழுதிவைக்கிற வகை. விபிஎன் போட்டு வெளிநாட்டுத் தளத்தில் பணம் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கணக்கை முடக்கினால் எங்கேயும் போய் முறையிட முடியாது. ஆன்லைன் ஆட்டத்தில் கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் தமிழ்நாட்டில் ஒருவர் இருவர் இல்லை. அதை மறந்துவிட்டு இந்த ஆட்டத்தின் அழகைப் பேச எனக்கு மனம் வராது. அழகு இருக்கிறது. அது கணக்கில் இருக்கிறது, காசு இல்லாமலே முழுசாகக் கிடைக்கிறது.

சரி, ஆரம்ப கட்டம். இலவசச் சிப் என்பதால் முதல் இருபது நிமிடம் மேசை திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கும். நாலு பேர், ஐந்து பேர் ஃபிளாப் (நடுவில் எல்லோருக்கும் பொதுவாக விழும் முதல் மூன்று சீட்டு) பார்ப்பார்கள். ரம்மி ஆடிப் பழகிவந்தவர்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. அங்கே முதல் ஸ்கூட்டுக்கு, அதாவது ஆடாமலே சீட்டை வைத்து விலகுவதற்கு, 20 புள்ளி, மிடில் ஸ்கூட்டுக்கு 40, ஃபுல்லு வாங்கினால் 80. சீட்டை வைப்பதற்கே விலை கொடுத்துப் பழகிய கை இது. போக்கரில் ஆன்ட்டி (பிளைண்ட் போக ஒவ்வொரு கைக்கும் கட்டும் சிறு தொகை) தொடங்காத லெவல்களில் பிளைண்டில் இல்லாதவருக்கு ஸ்கூட்டு இலவசம். இந்த ஒரு வித்தியாசத்தை மனசில் ஏற்றிக்கொண்டாலே ஆரம்பத்தில் பாதி சேதம் குறையும்.

இந்தக் கட்டத்தில் பிளஃப் வேண்டாம். காரணம் எளிது. பாட் என்பது நடுவில் சேர்ந்திருக்கும் சிப்; அதில் பாதியைப் பந்தயமாக வைத்து பிளஃப் செய்தால் மூன்றில் ஒரு தடவையாவது எதிராளி ஃபோல்டு பண்ண வேண்டும். முழு பாட்டை வைத்தால் இரண்டில் ஒரு தடவை. எதையும் விடாமல் கால் போடுகிற (பந்தயத்துக்குச் சமமாகக் கட்டித் தொடர்கிற) மேசையில் அது நடக்காது. அதற்குப் பதிலாக நல்ல கை வந்தால் விலையை ஏற்றுங்கள். மூன்று பேர் சும்மா பிளைண்டைக் கட்டி உள்ளே வந்திருக்கும்போது உங்களிடம் ஏஸ்-ராஜா என்றால் மூன்று பிளைண்டும், உள்ளே வந்த ஆளுக்கு ஒன்று வீதமும் சேர்த்து ஆறு பிளைண்டுக்கு ரைஸ். ஃபிளாப்பில் மேல் ஜோடி (அங்கே விழுந்ததில் பெரிய சீட்டோடு ஜோடி) கட்டினால் பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு பந்தயம். அவர்கள் வருவார்கள். வரட்டும், அதற்காகத்தான் வைக்கிறோம்.

சின்ன ஜோடி, அதாவது இரண்டிலிருந்து ஆறு வரை, ஃபிளாப்பில் மூன்றாவது சீட்டு விழுந்து செட் ஆவது எட்டரைக்கு ஒரு தடவை. செட் ஆன ஒவ்வொரு முறையும் எதிராளியின் மொத்தமும் வந்துவிடாது. அதனால் கால் போடுகிற தொகையைப் போல் பதினைந்து மடங்காவது இருவரிடமும் மிச்சம் இருக்க வேண்டும். நூறு பிளைண்ட் இருக்கும்போது மூன்று பிளைண்டுக்குக் கால் போட்டால் முப்பது மடங்குக்கு மேல் இருக்கிறது, தாராளமாகப் போகலாம். இருபத்தைந்து பிளைண்டில் 2.2 பிளைண்டுக்குக் கால் போட்டால் பதினோரு மடங்குகூட மிஞ்சாது. ஒரே நாலு ஜோடி, ஒரே மேசை, அரை மணி நேரம் முன்னால் சரியாக இருந்த கால் இப்போது தப்பு. இதை உணராமல் "ஜோடியை எப்படி விடுறது" என்று போய் மாட்டுகிறவர்கள்தான் அதிகம்.

ஃபிளஷுக்கு, அதாவது ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டுக்கு, காத்திருப்பதும் அப்படித்தான். ஃபிளாப்பில் உங்கள் சீட்டையும் சேர்த்து நாலு இஸ்பேட் ஆகிவிட்டால் மிச்சம் ஒன்பது இஸ்பேட். இன்னும் விழவேண்டிய இரண்டு பொதுச் சீட்டையும் (டர்ன், பிறகு ரிவர்) பார்க்க முடிந்தால் 35 சதவீதம். ஆனால் டர்ன் வந்து இன்னும் ஒரு சீட்டு மட்டும் பாக்கி என்றால் 46இல் 9, ஐந்தில் ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவு. பாட்டில் 1,000 இருக்கிறது, எதிராளி 500 வைக்கிறார். நீங்கள் 500 போட்டால் மொத்தம் 2,000. நாலில் ஒரு தடவை வந்தால்தான் அந்த 500 கட்டும். ஐந்தில் ஒன்றாக வருகிற பொருளுக்கு நாலில் ஒன்று விலை. ரிவரில் இஸ்பேட் விழுந்தால் எதிராளி இன்னும் நிறையத் தருவார் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும் போகலாம்.

நாற்பதிலிருந்து இருபது பிளைண்ட் வரையுள்ள நடுக்கட்டத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். ரைஸை 2 அல்லது 2.2 பிளைண்டுக்கு இறக்குங்கள். இதற்குள் கும்பல் கலைந்திருக்கும், ஃபோல்டு பண்ணத் தெரிந்தவர்கள்தான் மிச்சம். கடைசியில் ஆடும் இருக்கைகளிலிருந்து அதிகமாகவும் முதலில் ஆடும் இருக்கைகளிலிருந்து குறைவாகவும் நுழையுங்கள். ஒரே ஒருவர் கால் போட்டு, ஃபிளாப்பில் ஏஸோ ராஜாவோ விழுந்து மற்ற இரண்டும் சம்பந்தமில்லாத சின்னச் சீட்டாக இருந்தால், முதலில் ரைஸ் போட்டவர் நீங்கள் என்ற முறையில் பாட்டில் மூன்றில் ஒரு பங்கு வைத்தாலே பல தடவை முடிந்துவிடும்.

இனி பன்னிரண்டு பிளைண்ட். மனுஷனுக்குப் பயம் வருவது இங்கேதான். பயம் வந்ததும் செய்கிற காரியம் இரண்டு: ஒன்று, ஏஸ்-ஏஸுக்காக உட்கார்ந்து கரைவது. மற்றது, பத்து பிளைண்ட் வைத்துக்கொண்டு 2.2க்கு ரைஸ் போட்டு, யாராவது ஆல் இன் (கையிலுள்ள சிப் அத்தனையும் உள்ளே) என்றதும் ஃபோல்டு பண்ணுவது. ஒரு கையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அதே பத்தையும் நேராக உள்ளே தள்ளியிருந்தால் முடிவெடுக்கிற பாரம் எதிராளி தலையில் ஏறியிருக்கும்.

கணக்கைப் பார்ப்போம். ஆன்ட்டி எல்லாம் சேர்ந்து ஒரு பிளைண்ட் அளவுக்கு வருகிற மேசை என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுப் போட்டதுமே நடுவில் 0.5, 1, 1 என்று இரண்டரை பிளைண்ட் கிடக்கிறது. பத்து பிளைண்ட் வைத்திருப்பவருக்கு அது கால்வாசிச் சொத்து. பட்டனிலிருந்து, அதாவது இரண்டு பிளைண்டுக்கும் முந்தைய இருக்கையிலிருந்து, ஆல் இன் போடுகிறீர்கள். பத்தில் ஆறு தடவை எல்லோரும் ஃபோல்டு, நாலு தடவை பிக் பிளைண்ட் கால் போடுகிறார், கால் போட்டால் உங்கள் கை 35 சதவீதம்தான் ஜெயிக்கும், அதாவது பின்தங்கிய கை. ஃபோல்டு மூலம் 0.6 பெருக்கல் 2.5, ஒன்றரை பிளைண்ட் வரவு. கால் வந்தால் மொத்த பாட் 21.5, அதில் 35 சதவீதம் 7.5. போட்டது 10, ஆக இரண்டரை நஷ்டம். அது பத்தில் நாலு தடவை என்பதால் ஒரு பிளைண்ட் செலவு. கூட்டிக் கழித்தால் ஒவ்வொரு முறையும் அரை பிளைண்ட் லாபம், அதுவும் கால் வந்தால் தோற்கப்போகிற கையை வைத்துக்கொண்டு.

இப்போது அதே கை, அதே பத்து பிளைண்ட். ஆனால் எதிரில் இருப்பவர் பத்தில் ஆறு தடவை கால் போடுகிறவர். வரவு ஒரு பிளைண்ட், செலவு ஒன்றரை. அரை பிளைண்ட் நஷ்டம். சீட்டு மாறவில்லை, ஆள் மாறிவிட்டார். இலவசச் சிப் மேசையில் இந்த இரண்டாவது வகை ஆட்கள் அதிகம் என்பதால், இணையத்தில் கிடைக்கிற ஆல் இன் அட்டவணைகளை அப்படியே போட்டால் அடி விழும். அட்டவணை சொல்வதில் சூட்டட் (இரண்டும் ஒரே சின்னம்) ஒன்பது-எட்டு, பத்து-எட்டு போன்றவற்றைக் கழித்துவிட்டு, ஏஸ் உள்ள கை, ஜோடி, இரண்டு படச் சீட்டு ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். எதையும் கால் போடுகிறவரிடம் முன்னிலையில் இருக்கிற சீட்டுத்தான் செல்லும்.

பத்து பிளைண்டில் எந்தக் கையோடு ஆல் இன் போடலாம் என்பதற்கு ஒரு தோராயமான அளவு: ஒன்பது பேர் மேசையில் முதல் இருக்கையிலிருந்து ஏழு ஜோடியும் மேலும், சூட்டட் ஏஸ்-பத்து, ஏஸ்-ஜாக்கி, சூட்டட் ராஜா-ராணி. பட்டனிலிருந்து எந்த ஜோடியும், எந்த ஏஸும், சூட்டட் ராஜா எதுவும், சூட்டட் இல்லாவிட்டாலும் ராஜா-ஒன்பது, ராணி-பத்து, ஜாக்கி-பத்து. எல்லோரும் ஃபோல்டு பண்ணி ஸ்மால் பிளைண்டில் நீங்களும் பிக் பிளைண்டும் மட்டும் என்றால் வருகிற கையில் பாதிக்கு மேல்.

பிக் பிளைண்டில் இருந்துகொண்டு இதே பத்து பிளைண்ட் ஆல் இன்னைச் சந்திக்கும்போதும் விலை தெரிந்திருக்க வேண்டும். நடுவில் 12.5 கிடக்கிறது, நீங்கள் சேர்க்க வேண்டியது 9. ஒன்பதை 21.5ஆல் வகுத்தால் 42 சதவீதம். எதிராளி ஏஸ்-ராஜாவே வைத்திருந்தாலும் சூட்டட் ஜாக்கி-பத்துக்கு சுமார் 41 உண்டு. சின்ன ஜோடி, இரண்டு பெரிய சீட்டுக்கு எதிராகப் பாதிக்குச் சற்று மேல். ஆனால் ஏஸ்-ராணி ஏஸ்-ராஜாவிடம் மாட்டினால் 26தான், ஜோடி பெரிய ஜோடியிடம் மாட்டினால் 19. தோற்றவுடன் "அவன் எப்படி அதை வச்சுக் கால் போட்டான்" என்று கொதிப்பதற்கு முன் இந்த 42ஐ நினைத்துப் பாருங்கள். பல நேரம் அவர் செய்தது சரி.

தெப்பக்குளம் படிக்கட்டில் சாயங்காலம் உட்கார்ந்திருக்கும் பையன்களிடம் இந்தப் பேச்சு ஓடுவதைக் கேட்கலாம்.

"அண்ணே, 200–400ல பட்டன்ல இருக்கேன். 4,000 சிப்பு. கிளாவர் ராஜா, டைமன் ஒம்போது. உள்ள தள்ளுனேன், வெளிய போயிட்டேன்."

"பிக் பிளைண்ட்ல யாரு?"

"அவன்கிட்ட ஒண்ணுமே இல்லண்ணே, பிளைண்டு கட்டுனது போக 500தான் மிச்சம். அவனும் கால், ஸ்மால் பிளைண்டும் கால்."

"500 வச்சிருக்கவன் எப்படிடா ஃபோல்டு பண்ணுவான் மாப்ள?"

அண்ணன் கேட்டதில்தான் எல்லாம் இருக்கிறது. தள்ளுவதற்கு முன் இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர்களின் சிப்பைப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு பிளைண்ட் மட்டும் மிச்சமுள்ளவர் எதை வைத்தும் கால் போடுவார், அவருக்கு வேறு வழி இல்லை. மலை மாதிரி குவித்து வைத்திருப்பவருக்கு உங்கள் பத்து பிளைண்ட் பெரிய செலவில்லை. பதினைந்திலிருந்து இருபத்தைந்து வரை வைத்திருக்கிற நடுத்தரக் குடும்பம்தான் ஃபோல்டு பண்ணும், ஏனென்றால் தோற்றால் அவர்களுக்கு உயிர் போகும். அந்தப் பையனின் ராஜா-ஒன்பது, பிக் பிளைண்டில் பதினெட்டு பிளைண்டுக்காரர் இருந்திருந்தால் அருமையான தள்ளல்.

கடைசி மூன்று நாலு பேர் ஆனதும் சிப்புக்கும் பரிசுக்கும் இடையிலான கணக்கு கோணலாகிவிடும். முதல் மூன்று இடத்துக்கு 50, 30, 20 புள்ளி என்று வையுங்கள். மூன்று பேர் மிச்சம். 5,000, 3,000, 2,000 சிப். சிப்பின் விகிதத்தில் ஒவ்வொருவரும் முதலிடம், இரண்டாமிடம் வரக்கூடிய வாய்ப்பைக் கணக்கிட்டால் அவர்கள் கையில் இருக்கிற புள்ளி மதிப்பு சுமார் 38.4, 32.7, 28.9. பாதி சிப் வைத்திருப்பவருக்கு நூறில் பாதி வரவில்லை, ஐந்தில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கு ஐந்தில் ஒன்றைவிட நிறையவே இருக்கிறது.

இப்போது 5,000காரர் ஆல் இன் போடுகிறார், 3,000காரர் நீங்கள். கால் போட்டுத் தோற்றால் மூன்றாமிடம், 20 புள்ளி. கிட்டத்தட்ட 12.7 இழப்பு. ஜெயித்தால் 6,000, மற்ற இருவரிடமும் 2,000 வீதம். உங்கள் மதிப்பு 41, அதாவது சுமார் எட்டேகால் வரவு. பிளைண்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 100க்கு 61 தடவை ஜெயிக்கிற கை இருந்தால்தான் இந்தக் கால் செல்லும். சிப்பை மட்டும் பார்த்தால் 50 போதும் போலத் தெரியும். இடையிலுள்ள அந்தப் பதினொன்றில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். 2,000காரர் இன்னும் மேசையில் இருக்கும்போது ஏஸ்-ஜாக்கியை வைத்துக்கொண்டு பெரியவரோடு மோதுவது ஆடு புலி ஆட்டத்தில் காலிக் கட்டத்தைப் பின்னால் விட்டுக்கொண்டு புலிப் பக்கத்தில் ஆட்டை நிறுத்துவது மாதிரி. பெரிய சிப்காரராக நீங்கள் இருந்தால் இதைத் திருப்பிப் போடுங்கள்: நடுவில் இருப்பவர் மேல் தொடர்ந்து தள்ளுங்கள், அவரால் எழுந்து வர முடியாது.

அடுத்த சுற்றுக்கு மூன்று பேர், மிச்சம் நாலு பேர், எல்லோரிடமும் சம சிப் என்றால் இது உச்சத்துக்குப் போகும். ஒவ்வொருவருக்கும் இப்போதே 75 சதவீதம் டிக்கெட் கையில். கால் போட்டு ஜெயித்தால் 100, தோற்றால் பூஜ்யம். ஆகவே 75 சதவீதத்துக்கு மேல் ஜெயிக்கிற கை வேண்டும். எதிராளி சீட்டைப் பார்க்காமலே ஆல் இன் போட்டிருந்தாலும் ஏஸ்-ராஜா 65 சதவீதம்தான். பத்து ஜோடி சரியாக 75ஐத் தொட்டு நிற்கிறது. ஜாக்கி ஜோடியிலிருந்துதான் தாராளமாகக் கால் போடலாம். ஏஸ்-ராஜாவை ஃபோல்டு பண்ண மனசு வராதவர்கள் நாலாவது இடத்தில் எழுந்து போவதற்கு இதுவே காரணம்.

இருவர் மட்டும் ஆனதும் பட்டனில் இருப்பவரே ஸ்மால் பிளைண்ட், ஃபிளாப்புக்கு முன் முதலில் ஆடுவார், பிறகு கடைசியில் ஆடுவார். இனி மேலே ஏறவேண்டியது ஒரு படிதான் என்பதால் புள்ளிக் கோணல் மறைந்து சிப் கணக்கே போதும்.

கருவி விஷயத்தையும் அலட்சியப்படுத்த வேண்டாம். முடிவெடுக்கப் பதினைந்து விநாடி போலத்தான் கிடைக்கும், அதற்குமேல் சேமிப்பு நேரம். ஆரம்பத்தில் அதைச் செலவழிக்காமல் கடைசி மேசைக்கு வைத்திருங்கள். போனில் ரைஸ் அளவை விரலால் இழுக்கும்போது 800 என்று நினைத்து 8,000 வைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. 2.2 பிளைண்ட், ஆல் இன் ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தானை முன்கூட்டியே அமைத்துக்கொள்ளுங்கள். 'எதற்கும் கால்' என்ற முன்தேர்வுப் பொத்தானைத் தொடவே தொடாதீர்கள், நீங்கள் அழுத்திய பிறகு எதிராளி ஆல் இன் போட்டாலும் அதற்கும் உங்கள் கால் விழுந்துவிடும். கரண்ட் போனால் வைஃபையும் சேர்ந்து போகும். போன் தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறுகிறதா என்று ஆட்டத்துக்கு முன்பே ஒருமுறை வைஃபையை அணைத்துப் பாருங்கள். இணைப்பு அறுந்தால் கால் போட வேண்டிய இடத்தில் தளம் உங்கள் கையை ஃபோல்டு பண்ணிவிடும். அழகர் ஆற்றில் இறங்குகிற சமயம் கோரிப்பாளையம் பக்கம் டவர் திணறும், அன்றைக்கு டோர்னமென்ட் வைக்காமல் இருப்பது உத்தமம்.

பல மேசை சேர்ந்த பெரிய டோர்னமென்ட்டில் நன்றாக ஆடுகிறவரும் நூறு ஆட்டத்தில் பதினைந்து முறை பரிசு இடத்துக்குள் வந்தால் அது பெரிய காரியம். அப்படிப்பட்டவருக்கும் தொடர்ந்து பத்து ஆட்டம் வெறுங்கையோடு முடிவதற்கு 20 சதவீதம் வாய்ப்பு உண்டு, இருபது ஆட்டம் முடிவதற்கு 4 சதவீதம். அதனால் இடத்தை வைத்து ஆட்டத்தை எடைபோட முடியாது, கையை வைத்துத்தான் போட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அழித்துவிடாமல் கைப்பதிவைத் திறந்து, இருபது பிளைண்டுக்குக் கீழே ஆடிய ஐந்து கையை மட்டும் நோட்டில் எழுதுங்கள். ஒரு கைக்கு நாலு விஷயம் போதும்: உங்கள் பிளைண்ட் எண்ணிக்கை, இருக்கை, சீட்டு, இடது பக்கத்தவரின் பிளைண்ட் எண்ணிக்கை. ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பதை எழுத வேண்டாம். ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்து, முடிவு தெரியாத மாதிரி மறுபடி ஆடிப் பாருங்கள்.